பழைய லோடு பிக்கப்பை விரைவு வண்டியாக மாற்றுதல்: வாங்குவது முதல் ஓட்டிப் பார்ப்பது வரை

பரவை காய்கறிச் சந்தையிலும் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையிலும் விடியற்காலையில் சரக்கை இறக்கிவிட்டு வெறும் பாடியோடு திரும்பும் பிக்கப் வண்டிகளைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். சுமையோடு அடக்கமாக வந்த அதே வண்டி, காலியானதும் துள்ளுகிறது. மேடு பள்ளத்தில் பின்சக்கரம் தரையைவிட்டு எழுகிறது. அவசரமாகப் பிரேக் மிதித்தால் பின்பக்கம் ஒருபுறமாக இழுக்கிறது. பழைய பிக்கப்பை வேகமான வண்டியாக்க விரும்பும் எவரும் தீர்க்க வேண்டிய முதல் சிக்கல் பாரமில்லாத இந்தப் பின்பக்கம்தான். இன்ஜின் அதற்குப் பின்னால் வரும் கதை.

இளைஞர்கள் பெரும்பாலும் சைலன்சரில் தொடங்கி, அடுத்து இன்ஜினுக்கு வந்து, பணம் மிஞ்சினால் பிரேக்கைப் பார்க்கிறார்கள். நான் பரிந்துரைக்கும் வரிசை இதற்கு நேர் எதிரானது. பல ஆண்டு சுமை ஓட்டத்தில் வண்டியோடு சேர்ந்துவிட்டவற்றை முதலில் கழிக்க வேண்டும். பிறகு பட்டை (அச்சின்மேல் வண்டியைத் தாங்கும் வளைந்த இரும்பு ஸ்பிரிங்), பிரேக், டயர் ஆகியவற்றைச் செம்மைப்படுத்த வேண்டும். அதன் பின்னரே இன்ஜினில் கை வைக்க வேண்டும். எடுத்துக்காட்டுகளுக்கு மஹிந்திரா போலேரோ பிக்கப்பை எடுத்துக்கொள்கிறேன். டாடா 207 போன்ற வண்டிகளுக்கும் அடிப்படை இதுவே. அளவுகள் மட்டும் மாறும்.

சட்டம் எங்கே கோடு போடுகிறது

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அளித்த தீர்ப்பில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182-ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழிசெய்கிறது. பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுவது 189-ஆம் பிரிவின்கீழ் தனிக் குற்றம்.

சரக்கு வாகனமாகப் பதிவான பிக்கப்புக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. 2015 அக்டோபர் முதல் தயாரான சரக்கு வாகனங்கள் மணிக்கு 80 கிலோமீட்டரில் நிறுத்தும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியோடுதான் வருகின்றன. மத்திய அரசு 2018-இல் அறிவித்த உச்ச வேகமும் சரக்கு வாகனங்களுக்கு நான்கு வழிச்சாலையில் 80, நகரச் சாலையில் 60 என்பதே. ஆகவே, சாலையில் ஓடப்போகும் வண்டிக்கு "வேகம்" என்பதன் பொருளை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நின்ற இடத்திலிருந்து 80 வரை தயங்காமல் இழுக்க வேண்டும், வளைவில் உலுக்காமல் திரும்ப வேண்டும், மிதித்தால் நேராக நிற்க வேண்டும். இதற்குமேல் வேகம் வேண்டுமென்றால் அதற்குரிய இடம் மோட்டார் பந்தயத் தளம். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே மதுரைக்காரர்களுக்கு அருகில் உள்ளது. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தளம் அதைவிட நீளமானது. இரண்டிலும் நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டு நாள் பெற வேண்டும்.

இந்த வழிகாட்டியில் சாலைக்கான வேலை முழுவதும் வண்டியை உற்பத்தியாளர் கொடுத்த நிலைக்கு மீட்பதாகவே இருக்கும். தளத்துக்கு மட்டும் உரிய வேலையை அந்தந்த இடத்தில் தனியாகக் குறிப்பிடுகிறேன். சந்தேகமான எதையும் செய்வதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்துமூலம் அனுமதி கேளுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள்.

வண்டியைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு பழைய பிக்கப் என்ன ஏற்றிய வண்டி என்பது, அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட முக்கியம். மேலூர்ப் பக்கம் கல் ஏற்றிய வண்டியில் சேசிஸ் என்னும் அடிச்சட்டம் சோர்ந்திருக்கும். மாடு ஏற்றிய வண்டியில், அது பொங்கலுக்கு அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று காளைகளைக் கொண்டுபோன வண்டியாக இருந்தாலும், சந்தை மாடு ஏற்றியதாக இருந்தாலும், கோமியம் இறங்கி பாடியின் அடித்தகடும் குறுக்குச் சட்டங்களும் உள்ளிருந்து அரித்திருக்கும். மேலே புதுப் பெயிண்ட் பளபளப்பதால் இது கண்ணுக்குத் தெரியாது. பூவும் காய்கறியும் ஏற்றிய வண்டிகள் கூடுதல் தூரம் ஓடியிருந்தாலும் எலும்பு நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம். நான் தேடுவது அத்தகைய வண்டியைத்தான்.

பட்டறைக் குழியில் வண்டியை நிறுத்தி, சேசிஸின் நீளச் சட்டங்களைச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் மந்தமாகச் சத்தமிடும். கேபினுக்குப் பின்னால் பாடி தொடங்கும் இடம், பட்டைகளைத் தாங்கும் பிராக்கெட்டுகள், ஸ்டீயரிங் பாக்ஸ் பொருத்திய இடம் ஆகிய மூன்றிலும் விரிசலோ, பழைய வெல்டிங் தழும்போ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சேசிஸின் மூலைக்கு மூலை குறுக்காக அளந்தால் இரண்டு அளவும் ஒன்றாக வர வேண்டும். வேறுபட்டால் அந்த வண்டி எங்கோ மோதியிருக்கிறது. சேசிஸ் வளைந்த வண்டியை எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றில் உள்ள இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா, கடன் பதிவு நீங்கியிருக்கிறதா, வரியும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றும் நடப்பில் உள்ளனவா, அபராதம் நிலுவையில் உள்ளதா என்பவற்றை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

சேர்ந்ததைக் கழித்தல்

சுமை வண்டி நம் ஊரில் வயதாக ஆகக் கனத்துக்கொண்டே போகிறது. ஓரப் பலகைக்கு மேல் உயர்த்திக் கட்டிய கம்பித் தடுப்பு, தார்ப்பாய்க் கூடு, கேபின் தலைமேல் கேரியர், அடித்தகட்டின்மேல் போட்ட இன்னொரு தகடு, தடித்த குழாயில் செய்த முன் பம்பர் என ஒவ்வொரு உரிமையாளரும் ஏதோ ஒன்றைச் சேர்த்திருப்பார். இவற்றைக் கழற்றுவது வண்டியைப் பழைய நிலைக்குத் திருப்புவதே என்பதால் சட்டச் சிக்கலும் இல்லை. கழற்றுவதற்கு முன்னும் பின்னும் எடைமேடையில் நிறுத்தி, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனியாகச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் பட்டை, பிரேக், டயர் என எல்லா முடிவுக்கும் இந்தச் சீட்டுகள் தேவைப்படும்.

கேபினின் பின்சுவரைத் தாங்கும் தடுப்பையும், அடிப்பகுதியில் பக்கவாட்டுப் பாதுகாப்புக் கம்பிகளையும், பின்புற மோதல் தடுப்பையும் எடை குறைக்கிறேன் என்று தொடக் கூடாது. அவை உயிர் காப்பவை, எஃப்.சி. ஆய்விலும் பார்ப்பார்கள்.

பட்டைகள்

பழைய லோடு வண்டிகளில் பின் பட்டைச் செட்டோடு கூடுதலாக ஒன்றிரண்டு பட்டைகள் கோத்திருப்பது வழக்கம். வண்டி சுமையில் தாழாது என்பதற்காகச் செய்த வேலை அது. காலியாக ஓடும்போது அதே பட்டைகள்தான் வண்டியைத் துள்ள வைக்கின்றன. உற்பத்தியாளர் கொடுத்த எண்ணிக்கை எவ்வளவு என்று உதிரிபாகப் புத்தகத்தில் பார்த்து, கூடுதலானவற்றைக் கழற்றிவிடுங்கள். அந்த எண்ணிக்கைக்குக் கீழே மட்டும் இறங்காதீர்கள். மெலிந்த பட்டைச் செட்டில் கிளட்ச்சை விட்டு இழுக்கும்போது அச்சு தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு, பட்டை ஆங்கில எஸ் எழுத்து வடிவில் வளைந்து, சக்கரம் பிடித்தும் விட்டும் தடதடவென்று அதிரும். இழுவை கூடக் கூட இந்த அதிர்வும் கூடி, கடைசியில் சென்டர் போல்ட் வெட்டுப்படும்.

மீதமுள்ள பட்டைகள் தளர்ந்திருந்தால் பட்டைப் பட்டறையில் மறுபடி வளைவு ஏற்றிப் பதப்படுத்தித் தருவார்கள். மெயின் பட்டையில் மயிரிழை விரிசல் இருந்தாலும் அதைப் புதிதாகவே மாற்ற வேண்டும். பட்டையை அச்சோடு கட்டும் யூ போல்ட்டுகளைப் பழையவற்றையே மீண்டும் போடாதீர்கள். ஒருமுறை முறுக்கி நீண்ட போல்ட் இரண்டாம் முறை அதே பிடியைத் தராது. ஷேக்கிள் புஷ், ஷாக் அப்சார்பர் எல்லாவற்றையும் இந்த வேளையிலேயே மாற்றிவிடுவது நல்லது. வெறும் பாடியோடு ஓடும் வண்டியில் சாலையோடு சக்கரத்தைப் பிடித்து வைப்பது ஷாக் அப்சார்பர்தான். இன்ஜினில் செலவிடும் எந்தத் தொகையும் இதற்கு ஈடான மாற்றத்தைத் தருவதில்லை என்பது என் உறுதியான கருத்து.

பின்பக்கம் உயரம் மாறினால், கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் இணையும் கோணமும் மாறும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் கேபின் தரையில் அதிர்வு வந்தால் யூ ஜாயின்ட்டையும் கோணத்தையும் பாருங்கள். பிறகு ஷாஃப்ட்டைப் பேலன்ஸ் செய்யக் கொடுங்கள்.

பிரேக்

ஏறத்தாழ 1,700 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 236 கிலோஜூல். 80-இல் அது சுமார் 420 கிலோஜூல். வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. பிரேக் வெப்பமாக்கித் தீர்க்க வேண்டிய ஆற்றலோ முக்கால் பங்குக்கும் மேல் கூடிவிட்டது. பழைய வண்டியில் தேய்ந்த டிஸ்க்கும் பல ஆண்டு மாற்றாத பிரேக் ஆயிலும் இந்தக் கணக்குக்குத் தாக்குப்பிடிக்காது.

டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் விளிம்பிலேயே பொறித்திருக்கும். டிரம்மின் அதிகபட்ச உள்விட்டமும் அவ்வாறே. எல்லையை நெருங்கியவற்றை லேத்தில் கொடுத்துச் சீவாமல் மாற்றிவிடுங்கள். ரப்பர் குழாய்கள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உப்பி அடைத்திருக்கும். வயதான வண்டியில் அனைத்தையும் மாற்றுவதே சரி. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 வகைக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ்; ஈரம் ஏறியபின் அது 140 வரை இறங்கலாம். டாட் 4 வகைக்கு இவை 230, 155. கொடைக்கானல் மலையிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் வண்டியில் மிதி திடீரென்று பஞ்சுபோல அமிழ்வதற்குக் காரணம், ஆயில் கொதித்துக் குழாயில் ஆவி நிற்பதே. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்ற வேண்டும்.

டீசல் இன்ஜினில் பெட்ரோல் இன்ஜினைப் போல உறிஞ்சு வழியில் வெற்றிடம் உண்டாகாது. பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தைத் தனி வேக்கம் பம்ப் தருகிறது. பல வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் பின்புறம் இருக்கும். இன்ஜின் ஓடும்போதும் மிதி கல்லாக இருந்தால் பிரேக் ஷூவைக் குறை சொல்வதற்கு முன் அந்தப் பம்ப்பையும் அதன் குழாயையும் சோதியுங்கள்.

அடுத்து வருவது எல்லோரும் மறக்கும் பாகம். பல பிக்கப்களில் சேசிஸுக்கும் பின் அச்சுக்கும் இடையே ஒரு நெம்புகோலோடு சிறு வால்வு இருக்கும். பட்டறைகளில் அதை எல்.எஸ்.பி.வி. என்பார்கள். சுமை ஏறிப் பின்பக்கம் தாழும்போது அது பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டுகிறது. காலியாகி உயரும்போது குறைக்கிறது. உயரத்தை மட்டுமே அந்த வால்வு அறியும், எடையை அறியாது. கூடுதல் பட்டை கோத்த வண்டி எப்போதும் உயர்ந்தே நிற்பதால், சுமை ஏறினாலும் வால்வு அதைக் காலி வண்டி என்றே கொள்ளும். பின் பிரேக் பிடிக்கவில்லை என்று சிலர் நெம்புகோலைக் கம்பியால் இழுத்துக் கட்டிவிடுவார்கள். இதற்கு நேர்மாறாக, அழகுக்காகப் பின்பக்கத்தைத் தாழ்த்தினால், காலி வண்டியையும் சுமை வண்டி என்று எண்ணி முழு அழுத்தத்தையும் பின்னுக்கு அனுப்பும். வெறும் பாடியில் பின்சக்கரங்கள் முதலில் சுழலாமல் உறைந்து, மழை ஈரத்தில் வண்டி சுழன்றுவிடும். ஆகவே பட்டை வேலை முடிந்து வண்டி தன் சரியான உயரத்துக்கு வந்ததும், கட்டிய கம்பியை அவிழ்த்து, நெம்புகோலின் நீளத்தைப் பழுதுநீக்கக் கையேட்டில் உள்ள அளவுக்கு வைத்து, காலி எடையிலும் சுமையேற்றியும் சோதிக்க வேண்டும். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் இன்ஜினைத் தொட வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

டயர்

பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தயாரிப்பு எண்ணைப் படியுங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். மதுரை வெயிலில் ரப்பர் விரைவில் இறுகும். தடம் மிச்சமிருந்தாலும் பழைய டயர் ஈரத்தில் பிடிக்காது. புது டயருக்கு உற்பத்தியாளர் அனுமதித்த அளவையே வாங்க வேண்டும். அதிலும் சுமைக் குறியீட்டைக் குறைக்கக் கூடாது. குறியீடு 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 104 என்றால் 900 கிலோ. கார் டயர் மென்மையாக ஓடும் என்பதற்காகச் சரக்கு வண்டியில் போடுவது ஆபத்தானது.

சுமைக்காக வைத்த உயர்ந்த காற்றழுத்தத்தைக் காலி ஓட்டத்துக்கும் அப்படியே வைத்திருப்பது பரவலான பழக்கம். அப்போது டயரின் நடுப்பகுதி மட்டுமே தரையைத் தொடும். கதவோரத்தில் ஒட்டியுள்ள அட்டவணையில் காலி வண்டிக்கான அழுத்தம் தனியாக இருக்கும். அதைக் குளிர்ந்த டயரில் அளந்து வையுங்கள். வீல் அலைன்மென்ட் எல்லா வேலைக்கும் கடைசியில்தான் செய்ய வேண்டும்.

இன்ஜினுக்குக் குளிர்ச்சி

நம் பக்கத்துப் பட்டறைகளில் வெயிலைக் காரணம் காட்டித் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறியும் வழக்கம் இன்னும் போகவில்லை. அது இல்லாத இன்ஜின் சரியான வெப்பத்தை எட்ட வெகுநேரம் பிடிக்கும். அதுவரை டீசல் முழுமையாக எரியாது, சிலிண்டர் விரைவில் தேயும், இழுவையும் வராது. புது வால்வு போடுங்கள். உண்மையில் சூடாகிறது என்றால் காரணம் அடைத்த ரேடியேட்டரிலோ, சோர்ந்த விஸ்கஸ் ஃபேனிலோ, தண்ணீர்ப் பம்ப்பிலோ இருக்கும். குழாய்த் தண்ணீர் ஊற்றாமல் உரிய கூலண்டை ஊற்றுங்கள். இன்டர்கூலர் உள்ள வண்டியில் அதன் வெளிமுகத்தில் அப்பிய மண்ணையும் உள்ளே படிந்த எண்ணெயையும் கழுவ வேண்டும். 40 டிகிரி வெயிலில் அது மூச்சு முட்டினால் டர்போ தரும் காற்று சூடேறி இழுவை குறையும்.

இன்ஜின்

காமன் ரயில் கொண்ட 2,523 சிசி போலேரோ இன்ஜினுக்கு 63 குதிரைத்திறனும், 1,400 முதல் 2,200 ஆர்.பி.எம். வரை 195 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் உரியவை. பல ஆண்டு சுமை இழுத்த இன்ஜின் இதை முழுமையாகத் தருவதில்லை. ஆகவே சாலை வண்டிக்கு வேண்டியது, இழந்ததை மீட்பதே.

கம்ப்ரெஷன் சோதனையில் தொடங்குங்கள். நான்கு சிலிண்டருக்கும் இடையே 10 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் மேலே செலவு செய்யாமல் இன்ஜினை இறக்கிப் பிரித்துப் பழுதுபார்ப்பதே நல்லது. நன்றாக இருந்தால் வால்வு இடைவெளியைச் சரிசெய்து, இன்ஜெக்டர்களைப் பம்ப் கடையில் கொடுத்துத் தெளிப்பையும் அளவையும் சோதிக்க வேண்டும். டர்போவிலிருந்து இன்டேக் வரை உள்ள ரப்பர்க் குழாய்களில் ஒரு சிறு வெடிப்பு இருந்தாலும் ஏற்றிய காற்று வெளியேறிவிடும். இழுவைக் குறைவோடு கரும்புகையும் வரும். டர்போ ஷாஃப்ட்டைக் கையால் அசைத்தால் பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருப்பது இயல்பு. முன்பின்னாக நகர்ந்தாலோ, இறக்கை வெளிக்கூட்டை உரசினாலோ டர்போவை மாற்ற வேண்டும். எரிந்த புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், அடைத்து மூடாதீர்கள். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் ஒன்றாகவே மாற்றி, ஃப்ளைவீல் முகத்தைச் சமப்படுத்திக்கொள்ளுங்கள். இந்த வேலைகள் முடிந்தபின் ஓட்டிப் பார்த்தால், இது வேறு வண்டியோ என்று எண்ணத் தோன்றும்.

ஈ.சி.யு. ரீமேப், அதாவது இன்ஜினை இயக்கும் கணினியின் அமைப்பை மாற்றி எழுதுவது, என் கணக்கில் தளத்துக்கு மட்டும் உரிய வேலை. கூடுதல் டீசலுக்கு ஈடாகக் காற்று இல்லையென்றால் அது கரும்புகையாகும். எக்ஸாஸ்ட் வெப்பம் ஏறிப் பிஸ்டனின் தலையையும் டர்போவையும் உருக்கும். டர்போவுக்கு முன்னால் வெப்பமானி பொருத்தி, 700 டிகிரி செல்சியஸைத் தாண்டி நீடிக்கவிடாமல் ஓட்ட வேண்டும். உள்பாகங்களை மாற்றாத பழைய இன்ஜினில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் திறனைக் கூட்டுவதை நான் ஏற்பதில்லை.

கிரவுன் பினியனை மாற்றலாமா

பெரும்பாலோர் கேட்கும் கேள்வி இது. கிரவுன் பினியன் என்பது பின் அச்சில் ஷாஃப்ட்டின் சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பும் பற்சக்கர ஜோடி. கணக்கைப் பார்ப்போம். 215/75 ஆர்15 டயரின் சுற்றளவு சுமார் 2.21 மீட்டர். 39 பல்லும் 8 பல்லும் உள்ள கிரவுன் பினியனின் விகிதம் 4.88, டாப் கியர் 0.83 என்று கொண்டால் 3,000 ஆர்.பி.எம்.மில் வண்டி மணிக்கு ஏறக்குறைய 98 கிலோமீட்டரில் ஓடும். 41-க்கு 10 என்ற 4.10 விகிதத்தில் அது 117 ஆகும். உங்கள் வண்டியின் பற்களை எண்ணி இதே கணக்கைப் போட்டுக்கொள்ளலாம். சாலையில் 80-க்கு மேல் போக முடியாத வண்டிக்கு இரண்டாவது விகிதத்தால் பயன் இல்லை. கீழ் கியர்களில் இழுவைதான் மந்தமாகும். பளு இழுக்கத் தந்த குட்டையான கியர்களே காலி வண்டியைச் சிக்னலிலிருந்து சட்டென்று எடுக்கின்றன. எனவே சாலை வண்டியில் கிரவுனைத் தொடாமல், டிஃபரன்ஷியல் ஆயிலை மாற்றி, பேரிங் சத்தம் மட்டும் பார்த்துவிடுவது போதும்.

ஓட்டிப் பார்த்தல்

புது பிரேக் பேடுகளைப் பதப்படுத்துவதில் தொடங்குங்கள். போக்குவரத்து இல்லாத நேரத்தில் 50-இலிருந்து 10 வரை மிதமாக மிதித்துக் குறைத்து, இடையிடையே ஆறவிட்டு, பலமுறை செய்ய வேண்டும். முழுவதும் நிறுத்திச் சூடான டிஸ்க்கின்மேல் பேடை அழுத்தி வைத்திருக்கக் கூடாது. பிறகு ஒரு காலி மைதானத்தில், முதலில் உலர்ந்த தரையிலும் அடுத்து நனைத்த தரையிலும், குறைந்த வேகத்தில் அழுத்தி மிதித்து, முன்சக்கரம் முதலில் உறைகிறதா என்று பக்கத்தில் ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பின்சக்கரம் முந்தினால் எல்.எஸ்.பி.வி. வால்வுக்குத் திரும்ப வேண்டும். ரிங் ரோடும் திண்டுக்கல் நான்கு வழிச்சாலையும் சோதனைக்கு உரிய இடங்கள் அல்ல. அங்கே எதிர்த்திசையில் இருசக்கர வாகனமும், சாலையைக் கடக்கும் ஆடு மாடும் எந்த நேரமும் வரும்.

முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் யூ போல்ட்டுகளையும் வீல் நட்டுகளையும் டார்க் ரெஞ்ச்சால் மறுபடி முறுக்குங்கள்; பட்டைகள் ஒன்றோடொன்று படிந்ததும் பிடி தளரும். அதன்பின் நான்கு சக்கரங்களின் ஹப்பையும் கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள்: ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அங்கே பிரேக் விடாமல் பிடிக்கிறது அல்லது பேரிங் இறுக்கமாக இருக்கிறது. டர்போ வண்டியை வேகமாக ஓட்டி வந்தவுடன் சாவியைத் திருப்பி நிறுத்தாமல், ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டு நிறுத்துங்கள். தளத்துக்குக் கொண்டுபோகும் நாளுக்கு முன்பாகப் பிரேக் ஆயிலைப் புதிதாக மாற்றி, ஸ்டெப்னியையும் பாடியில் கிடக்கும் ஜாக்கி, சங்கிலி முதலியவற்றையும் இறக்கிவிட்டு, சீட் பெல்ட்டின் போல்ட்டுகள் இறுக்கமாக உள்ளனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.